காணாமல் போன இரண்டு பக்கங்கள்: அமெரிக்கப் பள்ளிப் பத்திரிகையின் கதை



பள்ளிக்குப் போகும் பிள்ளை இருக்கிற எந்த வீட்டிலும் ஒரு ஆண்டு மலராவது இருக்கும். எடுத்துப் பாருங்கள். தாளாளர், முதல்வர் வாழ்த்துரைகள், முதல் மதிப்பெண் வாங்கியவர்களின் படங்கள், விளையாட்டு விழாப் படங்கள், நான்கு கவிதைகள், மழைநீர் சேகரிப்பு பற்றி ஒரு கட்டுரை. மலர் வந்த அன்று நம் பிள்ளையின் பெயர் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று தேடிப் பார்ப்போம். பிறகு அது அலமாரிக்குப் போய்விடும். அதில் எது இருக்க வேண்டும், எது இருக்கக் கூடாது என்று முடிவு செய்தது யார் என்று நாம் கேட்பதில்லை.

அமெரிக்காவில் இந்தக் கேள்வி உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது. அங்கே 14 முதல் 18 வயது வரையுள்ள ஹைஸ்கூல் மாணவர்கள் இரண்டு வெளியீடுகளைத் தாங்களே தயாரிக்கிறார்கள். ஒன்று, சில வாரங்களுக்கு ஒருமுறை வரும் பள்ளிப் பத்திரிகை. மற்றொன்று, கல்வியாண்டின் முடிவில் கெட்டி அட்டையோடு வரும் 'இயர்புக்'. நம்மில் பலருக்குப் பேரப்பிள்ளைகள் அங்கே படிக்கிறார்கள். போனில் பேசும்போது "இயர்புக் டீம்ல இருக்கேன் தாத்தா" என்று சொன்னால், அது என்ன வேலை, அதன் பின்னால் என்ன வரலாறு என்று தெரிந்திருந்தால் நல்லதுதானே. அதற்காகவே இந்தக் கட்டுரை. நம் மடலுக்கும் இதில் ஒரு பாடம் இருக்கிறது; அதைக் கடைசியில் சொல்கிறேன்.

கையெழுத்தில் தொடங்கியது

அமெரிக்காவில் நமக்குத் தெரிந்த மிகப் பழைய மாணவர் பத்திரிகையாகக் கருதப்படுவது 1777-இல் ஃபிலடெல்ஃபியா நகரப் பள்ளி ஒன்றில் வந்தது. பெயர் 'ஸ்டூடன்ட்ஸ் கெஜட்'. விடுதலைப் போர் நடந்துகொண்டிருந்த நேரம். பையன்கள் கையால் எழுதி, கைமாற்றிப் படித்தார்கள். நம் ஊரிலும் அச்சு எட்டாத இடங்களில் இளைஞர்கள் கையெழுத்துப் பத்திரிகை நடத்தியதை உங்களில் மூத்தவர்கள் பார்த்திருப்பீர்கள். அதே ஆசைதான்.

இயர்புக்கின் வேர் கல்லூரிகளில் இருக்கிறது. 1806-இல் யேல் கல்லூரியில் படித்து முடித்தவர்களுக்காக, அவர்களுடைய பக்கவாட்டு முக உருவங்களைத் தொகுத்து ஒரு புத்தகம் வந்தது. அப்போது கேமரா இல்லை. நிழல் உருவங்கள் மட்டும். 1850-களிலும் 60-களிலும் பாஸ்டன் பக்கத்து புகைப்படக்காரர் ஜார்ஜ் வாரன் ஒரு வழி கண்டார். கல்லூரியில் கடைசி ஆண்டு படிக்கும் ஒவ்வொருவரையும் படமெடுத்துப் பிரதிகள் போட்டு விற்றார். மாணவர்கள் தங்களுக்கு வேண்டிய நண்பர்களின் படங்களை வாங்கி ஆல்பமாகக் கட்டிக்கொண்டார்கள். 19-ஆம் நூற்றாண்டின் முடிவில் புகைப்படத்தைப் புள்ளிகளாகப் பிரித்து அச்சிடும் முறை மலிவானதும், ஆல்பம் புத்தகமாகிவிட்டது. கல்லூரியிலிருந்து பள்ளிக்கும் இறங்கியது.

20-ஆம் நூற்றாண்டில் இது பெரிய தொழிலாகவே வளர்ந்தது. இன்று இயர்புக் அச்சிடுவதில் பெயர்பெற்ற ஜாஸ்டன்ஸ் நிறுவனம் 1897-இல் மினசோட்டா மாநிலச் சிற்றூர் ஒன்றில் கடிகாரமும் நகையும் பழுதுபார்க்கும் கடையாகத் தொடங்கியது. முதலில் பள்ளிகளுக்கு மோதிரம் செய்துகொடுத்தார்கள், பிறகு இயர்புக். பள்ளிப் பத்திரிகைகளுக்கும் சங்கங்கள் வந்தன. 1926-இல் 'குவில் அண்ட் ஸ்க்ரோல்' என்ற மாணவர் பத்திரிகையாளர் கழகம் தொடங்கியது. அதைத் தொடங்கி வைத்தவர் ஜார்ஜ் காலப். பின்னாளில் கருத்துக்கணிப்புக்குப் பெயர்போன அதே காலப்தான்.

வேலை எப்படி நடக்கிறது

இயர்புக் வேலை ஆகஸ்ட் மாதம் பள்ளி திறக்கும்போதே தொடங்கிவிடும். முதலில் 'லேடர்', அதாவது ஏணி என்று ஒரு தாள் போடுவார்கள். எந்தப் பக்கத்தில் என்ன வரும் என்பதை ஏணிப்படி போல வரிசையாகக் குறித்த பட்டியல் அது. அச்சகத்தில் ஒரு பெரிய தாளில் பல பக்கங்களைச் சேர்த்து அடித்து மடிப்பதால், பெரும்பாலும் 16 பக்கங்கள் ஒரு கட்டு. ஆகவே பக்கங்களை முதலிலிருந்து வரிசையாக முடிப்பதில்லை. எந்தக் கட்டு எந்தத் தேதியில் அச்சகத்துக்குப் போக வேண்டும் என்று கெடு இருக்கும்; ஒரு கட்டில் ஒரு பக்கம் தாமதமானாலும் கட்டு முழுவதும் நிற்கும்.

பத்திரிகை வேலை இன்னும் அவசரமானது. 1980-களின் நடுவில் கம்ப்யூட்டரில் பக்கம் அமைக்கும் பேஜ்மேக்கர் வரும் வரை எல்லாம் கைவேலைதான். தட்டச்சான பத்திகளைக் கத்தரித்து, பின்பக்கம் மெழுகு தடவி, அட்டையில் ஒட்டுவார்கள். கோணலாக இருந்தால் உரித்து மறுபடி ஒட்டுவார்கள். திருத்தம் போடுவதற்கு வெளிர்நீலப் பென்சில். அந்த நீலம் அச்சகக் கேமராவுக்குத் தெரியாது. பணத்துக்குப் பக்கத்துக் கடைகளிடம் விளம்பரம் கேட்டுப் போவதும் பிள்ளைகளின் வேலைதான்.

இவ்வளவையும் மாணவர்கள் செய்தாலும் மேலே ஒரு பொறுப்பாசிரியர் இருப்பார். அவருக்கும் மேலே பிரின்சிபால், பள்ளி வாரியம். தாள் காசும் அச்சுக் கூலியும் பெரும்பாலும் வாரியம் கொடுப்பது. சிக்கல் இங்கேதான் பிறக்கிறது. எழுதியது மாணவர், பெயர் பள்ளியின் பெயர், காசு வாரியத்தின் காசு. அப்படியானால் பத்திரிகை யாருடையது?

கறுப்புப் பட்டையும் ஒரு தீர்ப்பும்

இந்தக் கேள்விக்கு முன்னால் ஒரு வழக்கைச் சொல்லியாக வேண்டும். 1965 டிசம்பர். ஐயோவா மாநிலத்தின் டெமாய்ன் நகரில் சில மாணவர்கள் வியட்நாம் போரில் இறந்தவர்களுக்காகக் கையில் கறுப்புப் பட்டை கட்டிக்கொண்டு பள்ளிக்குப் போகத் தீர்மானித்தார்கள். செய்தி முன்கூட்டியே தெரிந்ததும் நகரத்துப் பிரின்சிபால்கள் கூடிப் பட்டைக்குத் தடை போட்டார்கள். கட்டிக்கொண்டு போனவர்கள் சஸ்பெண்ட் செய்யப்பட்டார்கள். அவர்களில் மேரி பெத் டிங்கருக்கு வயது 13.

1969 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் 7-க்கு 2 என்ற கணக்கில் மாணவர்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. பள்ளி வாசலில் செருப்பை விடுவதுபோல் உரிமையை விட்டுவிட்டு யாரும் உள்ளே வருவதில்லை என்பதே அதன் சாரம். படிப்புக்குப் பெரிய இடையூறு வருமென்று காட்ட முடிந்தால் மட்டுமே பள்ளி தடுக்கலாம். கவனியுங்கள், இது அரசுப் பள்ளிகளுக்கு மட்டும். அமெரிக்க அரசியல் சட்டத்தின் முதல் திருத்தம் அரசின் கையைத்தான் கட்டுகிறது. தனியார் பள்ளியின் கையை அல்ல.

ஆனால் கறுப்புப் பட்டை மாணவர் தம் காசில் வாங்கியது. பள்ளிக் காசில் அச்சாகும் பத்திரிகைக்கும் இது பொருந்துமா? பதினான்கு ஆண்டுகள் கழித்து அந்தக் கேள்வி வந்தது.

1983 மே மாதம், ஹேசல்வுட்

மிசூரி மாநிலத்தில் செயின்ட் லூயிஸ் நகரை ஒட்டி ஹேசல்வுட் ஈஸ்ட் ஹைஸ்கூல் இருக்கிறது. அதன் பத்திரிகையின் பெயர் 'ஸ்பெக்ட்ரம்'. இதழியல் வகுப்பு மாணவர்கள் ஏறத்தாழ மூன்று வாரத்துக்கு ஒரு முறை கொண்டுவந்தார்கள். அந்தக் கல்வியாண்டில் 4,500-க்கும் மேற்பட்ட பிரதிகள் போயின. அச்சுச் செலவு சுமார் 4,670 டாலர். விற்று வந்தது சுமார் 1,170 டாலர். மீதி வாரியம் போட்டது. நம் சங்கத்தின் வரவு செலவு பார்க்கிறவர்களுக்கு இந்தக் கணக்கின் பொருள் உடனே புரியும்.

ஏப்ரல் கடைசியில் இதழியல் ஆசிரியர் வேலையை விட்டுப் போய்விட்டார். புதிதாக ஒருவர் பொறுப்பேற்றார். மே 13 இதழின் புரூஃப் மே 10-ஆம் தேதி பிரின்சிபால் மேஜைக்குப் போனது. இதழ் வருவதற்கு முன் அவர் பார்ப்பது அங்கே வழக்கம்.

இரண்டு கட்டுரைகள் அவருக்கு உறுத்தின. ஒன்று, அதே பள்ளியில் படிக்கும்போது கர்ப்பமான மூன்று மாணவிகளின் அனுபவம். பெயர்களை மாற்றியிருந்தார்கள். ஆனால் பள்ளிக்குள் இருப்பவர்கள் ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள் என்று அவர் நினைத்தார். கருத்தடை பற்றிய பேச்சு 14 வயதுப் பிள்ளைகளுக்கு ஏற்றதல்ல என்றும் நினைத்தார். மற்றொன்று, பெற்றோர் விவாகரத்து செய்துகொள்ளும்போது பிள்ளைகள் படும் பாடு. அதில் ஒரு மாணவி தன் பெயரோடு அப்பாவைக் குறை சொல்லியிருந்தாள். அந்த அப்பாவின் பக்கத்தை யாரும் கேட்கவில்லையே என்பது அவர் கவலை.

இந்தக் கவலைகளை நீங்கள் சட்டென்று தள்ளிவிட மாட்டீர்கள். ஒரு பெண் பிள்ளையின் சொந்த விஷயம் ஊருக்குத் தெரிந்துவிடுமோ என்ற பயம் நியாயமானது. குற்றம் சாட்டப்பட்டவரிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்பது பத்திரிகைத் தொழிலின் அரிச்சுவடி. அந்தப் பிரின்சிபால் கெட்ட எண்ணத்தோடு பேனாவை எடுக்கவில்லை.

ஆனால் அடுத்து அவர் செய்ததைப் பாருங்கள். திருத்த நேரமில்லை, இதழ் தாமதமானால் கல்வியாண்டே முடிந்துவிடும் என்று கருதினார். அந்த இரண்டு கட்டுரைகளும் இருந்த இரண்டு பக்கங்களையும் முழுவதுமாக எடுத்துவிடச் சொன்னார். ஆறு பக்க இதழ் நான்கு பக்கமாக வந்தது. அந்தப் பக்கங்களில் இளவயதுத் திருமணம், வீட்டை விட்டு ஓடிப்போகும் பிள்ளைகள் போன்ற வேறு கட்டுரைகளும் இருந்தன. அவற்றின்மேல் அவருக்கு எந்த ஆட்சேபமும் இல்லை. அவையும் சேர்ந்தே போயின. எழுதிய மாணவர்களிடம் யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அச்சாகி வந்த இதழைப் பார்த்துத்தான் அவர்கள் தெரிந்துகொண்டார்கள்.

இன்னொரு விவரம் இதைவிட வருத்தமானது. அப்பாவைக் குறை சொன்ன மாணவியின் பெயரைப் புதிய பொறுப்பாசிரியர் இறுதி வடிவத்திலிருந்து ஏற்கெனவே நீக்கிவிட்டார். பிரின்சிபால் பார்த்த புரூஃபில் அது இருந்தது; நீக்கியது அவருக்குத் தெரியாது. பிள்ளைகளையும் ஆசிரியரையும் கூப்பிட்டுப் பத்து நிமிடம் பேசியிருந்தால் ஒரு ஆட்சேபமாவது அங்கேயே தீர்ந்திருக்கும்.

நீதிமன்றம் என்ன சொன்னது

கேத்தி குல்மையர் உட்பட மூன்று மாணவிகள் வழக்குப் போட்டார்கள். 1985-இல் மாவட்ட நீதிமன்றம் பள்ளி செய்தது சரி என்றது. 1986-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் மாணவிகள் பக்கம் நின்றது. 1988 ஜனவரி 13 அன்று உச்ச நீதிமன்றம் 5-க்கு 3 என்று பள்ளிக்குச் சாதகமாக முடித்தது. மாணவிகள் பள்ளியை விட்டுப் போய் ஆண்டுகள் ஆகிவிட்டிருந்தன.

பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவர் நீதிபதி பைரன் ஒயிட். அவருடைய வாதம் நேரானது. ஸ்பெக்ட்ரம் ஒரு வகுப்பின் பாடம். மாணவர்களுக்கு அதற்கு மதிப்பெண் உண்டு. எடிட்டர் யார் என்பதை ஆசிரியர் தீர்மானிக்கிறார். செலவைப் பள்ளி ஏற்கிறது. எனவே இது ஊருக்குத் திறந்துவிட்ட மேடை அல்ல. பள்ளி தன் பெயரில் வெளியிடும் ஒன்றில், கல்வி சார்ந்த நியாயமான காரணம் இருந்தால் தலையிடலாம். கறுப்புப் பட்டை வேறு, பள்ளிப் பத்திரிகை வேறு.

மாறுபட்ட தீர்ப்பை எழுதியவர் நீதிபதி வில்லியம் பிரென்னன். பள்ளிக்குத் தரம் பார்க்கும் உரிமை இல்லை என்று அவர் சொல்லவில்லை. வேறு வழிகள் கண்முன்னே இருந்தன என்றார். குறிப்பிட்ட வரிகளை நீக்கியிருக்கலாம், பக்கத்தை மாற்றி அமைத்திருக்கலாம், இதழைச் சில நாள் தள்ளியிருக்கலாம். இது பள்ளியின் கருத்தல்ல என்று ஒரு குறிப்புப் போட்டிருக்கலாம். இவற்றில் எதையும் யோசிக்காமல் கத்தரியை எடுத்தது, பேச்சுரிமை என்றால் என்ன என்று பிள்ளைகளுக்குக் கற்பித்த தவறான பாடம் என்பது அவர் வருத்தம்.

அந்த 5-3 தீர்ப்பு இன்றும் அமெரிக்காவில் நடைமுறையில் இருக்கிறது.

சட்டம் கொடுத்த இடம், பிள்ளைகள் செய்த வேலை

உச்ச நீதிமன்றம் கொடுத்தது குறைந்தபட்ச அளவு. அதற்கு மேலே கொடுக்க மாநிலங்களுக்குத் தடையில்லை. கலிஃபோர்னியாவில் 1970-களிலேயே மாணவர் பத்திரிகைக்குச் சட்டம் இருந்தது. தீர்ப்பு வந்த 1988-இலேயே மாசசூசெட்ஸ் சட்டம் இயற்றியது. பிறகு ஐயோவா, கொலராடோ, 1992-இல் கன்சாஸ், 1995-இல் ஆர்கன்சா. இருபது ஆண்டுகள் மந்தமாக இருந்து, 2015-இல் வடக்கு டகோட்டாவிலிருந்து மறுபடி ஒரு அலை எழுந்தது. இப்போது பதினைந்துக்கும் மேற்பட்ட மாநிலங்களில் இப்படிப்பட்ட சட்டம் உண்டு.

கன்சாஸ் சட்டம் எப்படி என்றால், சர்ச்சைக்குரிய விஷயம் என்பதற்காக மட்டும் ஒரு கட்டுரையைத் தடுக்கக் கூடாது. அவதூறும் ஆபாசமும் கூடாது. மொழித் தரமும் பத்திரிகைத் தரமும் பார்த்துத் திருத்தச் சொல்வது தடையாகாது. உள்ளடக்கத்துக்குப் பொறுப்பு மாணவ எடிட்டர்கள். 'உரிமை உனக்கு, பழியும் உனக்கு' என்று சொல்லும் சட்டம்.

அந்தச் சட்டத்தின் பலன் 2017-இல் தெரிந்தது. கன்சாஸின் பிட்ஸ்பர்க் என்ற சிறு நகரத்து ஹைஸ்கூலில் பத்திரிகையின் பெயர் 'பூஸ்டர் ரீடக்ஸ்'. மார்ச் மாதம் பள்ளி வாரியம் ஒரு புதிய பிரின்சிபாலை நியமித்தது. வரப்போகும் பிரின்சிபாலை வரவேற்று ஒரு அறிமுகக் கட்டுரை எழுதலாம் என்றுதான் பிள்ளைகள் தொடங்கினார்கள். படிப்பு விவரத்தைச் சரிபார்க்கும்போது ஒரு இடத்தில் தட்டியது. முதுகலையும் முனைவர் பட்டமும் வாங்கியதாகச் சொன்ன 'கார்லின்ஸ் யுனிவர்சிட்டி'யின் இணையதளமே வேலை செய்யவில்லை. தேடத் தேட, அது அங்கீகாரம் பெற்ற நிறுவனம் என்பதற்கே ஆதாரம் கிடைக்கவில்லை.

இங்கே அந்தப் பிள்ளைகள் நடந்துகொண்ட விதம்தான் முக்கியம். அவர்கள் கிசுகிசு எழுதவில்லை. கல்வித் துறையிடம் கேட்டார்கள். சம்பந்தப்பட்டவரிடமே போனில் பேசி அவர் பதிலை வாங்கினார்கள். பொறுப்பாசிரியை அந்த நியமனக் குழுவில் இருந்தவர் என்பதால், இந்தக் கட்டுரையிலிருந்து தாமே ஒதுங்கிக்கொண்டார். மார்ச் 31 அன்று ஆறு மாணவர்களின் பெயரில் கட்டுரை வந்தது. சில நாட்களில், ஏப்ரல் 4-ஆம் தேதி, புதிய பிரின்சிபால் பதவியை விட்டு விலகினார்.

ஹேசல்வுட் பிரின்சிபால் கவலைப்பட்ட இரண்டு விஷயங்களையும் நினைத்துப் பாருங்கள். எதிர்த்தரப்பைக் கேட்டார்களா? கேட்டார்கள். ஆதாரம் இருந்ததா? இருந்தது. அவர் கத்தரியால் காப்பாற்ற நினைத்த தரத்தை, இங்கே பிள்ளைகள் தாங்களே காப்பாற்றிக்கொண்டார்கள். தவறு வந்தால் தன் தலைமேல் என்று தெரிந்தவர்கள் இரண்டு முறை சரிபார்க்கிறார்கள்.

இயர்புக்கில் எதை வைப்பது

பத்திரிகை மூன்று வாரத்துக்கு. இயர்புக் நாற்பது வருஷத்துக்கு. ஆகவே இயர்புக்கில் செய்யும் வெட்டும் ஒட்டும் அதிக நாள் நிற்கும்.

1942-இல் ஜப்பானுடன் போர் நடந்தபோது, அமெரிக்காவின் மேற்குக் கரையில் இருந்த ஜப்பானிய வம்சாவளியினர் சுமார் 1,20,000 பேரை அரசு முகாம்களில் அடைத்தது. பெரும்பான்மையோர் அமெரிக்காவில் பிறந்த குடிமக்கள். அப்படிப்பட்ட பத்து முகாம்களில் ஒன்று கலிஃபோர்னியாவின் மன்சனார். முள்வேலி, காவல் கோபுரங்கள், உள்ளே பத்தாயிரம் பேர். அங்கேயும் பள்ளி நடந்தது. தொடக்கத்தில் நாற்காலிகூட இல்லாமல் பிள்ளைகள் தரையில் உட்கார்ந்தார்கள். அந்தப் பிள்ளைகள் 1944-இல் ஒரு இயர்புக் கொண்டுவந்தார்கள். பெயர் 'அவர் வேர்ல்ட்', நம் உலகம். படமெடுத்தவர் டோயோ மியாடாகே. கேமரா கொண்டுவரத் தடை இருந்த முகாமுக்குள் லென்ஸை மறைத்துக் கொண்டுவந்து, மரப்பெட்டியில் கேமரா செய்தவர். பின்னால் நிர்வாகமே அவரை முகாமின் புகைப்படக்காரராக ஏற்றுக்கொண்டது.

மற்ற எந்தப் பள்ளியின் இயர்புக்கைப் போலவே அதிலும் வகுப்புப் படங்கள், விளையாட்டுக் குழுக்கள், நாடகக் குழுக்கள். 'எங்களையும் மற்ற பிள்ளைகளைப் போல எண்ணுங்கள்' என்று அவர்கள் சொன்ன விதம் அது. இன்று அந்த முகாமில் வளர்ந்தவர்கள் எப்படி இருந்தார்கள் என்று தெரிந்துகொள்ள விரும்பும் எவரும் எடுத்துப் பார்க்கும் ஆவணம் அந்தப் புத்தகம். அதைத் தயாரித்தவர்கள் வரலாறு எழுதுவதாக நினைத்திருக்க மாட்டார்கள்.

இதற்கு நேர்மாறான ஒரு சம்பவம் 2021-இல் ஃப்ளோரிடாவின் பார்ட்ரம் டிரெயில் ஹைஸ்கூலில் நடந்தது. இயர்புக்கைத் திறந்து பார்த்த மாணவிகள் திகைத்தார்கள். 80 பெண் பிள்ளைகளின் படங்களில் கழுத்துக்குக் கீழே கம்ப்யூட்டரில் துணியை ஒட்டி மறைத்திருந்தார்கள். உடை விதிப்படி செய்ததாகப் பள்ளி சொன்னது. நீச்சல் குழுப் பையன்களின் படத்தை யாரும் தொடவில்லை. வேண்டாதவர்களுக்குப் பணம் திருப்பித் தருவதாகப் பள்ளி அறிவித்தது. ஆனால் கோணலாக ஒட்டிய அந்தப் படத்தோடுதான் அந்தப் பெண்ணின் அந்த வருஷம் அச்சாகிவிட்டது. இங்கேயும் அச்சுக்கு முன் யாரும் அந்தப் பிள்ளைகளிடம் கேட்கவில்லை. 'இந்தப் படம் வேண்டாம், வேறு படம் கொடும்மா' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும்.

நமக்கு இதில் என்ன

ஹேசல்வுட், பிட்ஸ்பர்க், பார்ட்ரம் டிரெயில் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பெரியவர்கள் தலையிடுவதே தவறு என்று நான் சொல்லவில்லை. 14 வயதுப் பிள்ளை எழுதியதை யாரும் பார்க்காமல் அச்சிடுவது பொறுப்பாகாது. கேட்காமல் வெட்டுவதுதான் தவறு. கேட்டு வெட்டினால் பிள்ளை ஒரு பாடம் கற்கிறது: யாரையும் காயப்படுத்தாமல் எப்படி எழுதுவது, ஆதாரம் எப்படித் தேடுவது, எதிர்த்தரப்பை எப்படிக் கேட்பது. கேட்காமல் வெட்டினால் அதுவும் ஒரு பாடம் கற்கிறது: உண்மையான விஷயத்தை எழுதாதே, மழைநீர் சேகரிப்பைப் பற்றி எழுது, வம்பில்லை.

அந்த இரண்டாவது பாடம் படித்த பிள்ளைகள்தான் வளர்ந்து நம் பொதுக்குழுவில் வந்து உட்கார்ந்து வாய் திறக்காமல் போகிறவர்கள். அல்லது வீட்டுக்குப் போய் வாட்ஸ்அப் குரூப்பில் பெயர் சொல்லாமல் சாடை பேசுகிறவர்கள். சரிபார்த்து, பெயர் போட்டு, எதிரில் இருப்பவரிடம் கேட்டு எழுதும் பழக்கம் நமக்கே எவ்வளவு இருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள்.

ஆகவே கமிட்டிக்கும் பெற்றோருக்கும் ஒரு யோசனை. நம் காலாண்டு மடலில் இரண்டு பக்கங்களை ஹைஸ்கூல் வயதுப் பிள்ளைகளிடமே கொடுத்துப் பார்க்கலாம். ஓவியமும் கவிதையும் மட்டுமல்ல, செய்தியும் எழுதட்டும். விளையாடும் இடத்தில் விளக்கு ஏன் எட்டு மணிக்கு அணைகிறது? தண்ணீர் லாரிக்கு மாதம் எவ்வளவு ஆகிறது? நம் செக்யூரிட்டி அண்ணன்மார் எந்த ஊரிலிருந்து வருகிறார்கள், எத்தனை மணி நேரம் நிற்கிறார்கள்? இதையெல்லாம் அவர்கள் கேட்டு எழுதினால் நமக்கும் கொஞ்சம் தெரியும்.

அதற்கு மூன்று விதிகள் போதும்.

முதலாவது, ஒருவரைப் பற்றி எழுதினால் அவரிடம் கேட்டு, அவர் பதிலையும் சேர்த்து எழுத வேண்டும். அவர் செயலாளராக இருந்தாலும் சரி, வீட்டு வேலைக்கு வரும் அக்காவாக இருந்தாலும் சரி.

இரண்டாவது, பிள்ளைகளின் பெயரோ படமோ போடுவதானால் அந்தப் பிள்ளையின் சம்மதமும் பெற்றோர் சம்மதமும் வேண்டும். ஹேசல்வுட் பிரின்சிபாலின் கவலையை நாம் அப்படி மதிக்கலாம்.

மூன்றாவது, எந்த வரியையாவது எடுக்க வேண்டியிருந்தால், எழுதிய பிள்ளையைக் கூப்பிட்டு உட்கார வைத்து, காரணம் சொல்லி, அந்தப் பிள்ளையின் கையாலேயே திருத்தச் சொல்ல வேண்டும். நேரமில்லை என்றால் மடல் இரண்டு நாள் தாமதமாக வரட்டும். ஆன்லைன் மடல்தானே, அச்சகம் காத்திருக்கப் போவதில்லை.

அப்புறம், இந்த வாரக் கடைசியில் உங்கள் வீட்டு அலமாரியில் இருக்கும் ஆண்டு மலரை எடுத்து, உங்கள் பிள்ளையிடம் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: "இதுல நீ எழுதணும்னு நினைச்சு எழுதாம விட்டது எது?" பதில் வந்தால் அதை ஒரு தாளில் எழுதச் சொல்லுங்கள். அடுத்த இதழுக்கு அனுப்பி வையுங்கள்.